என் காலிலேயே நின்று பழகியவன் நான்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. 14 வயதில் தந்தையை இழந்த நாள் முதல் யாரிடமும் கையேந்தாமல் படித்து, தம்பியையும் படிக்கவைத்து, சொந்தமாக ஒரு தொழிலை நிலைநிறுத்தினேன். மூன்று மாதங்களுக்கு முன், ஓர் ஒப்பந்தத்துக்காக நான் தயாரித்த மதிப்பீட்டில் போக்குவரத்துச் செலவு விடுபட்டிருப்பதைத் தம்பி சுட்டிக்காட்டினான். ஊழியர்கள் பார்த்திருக்க, அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்து, "உன்னை ஆளாக்கியவனுக்கே கணக்குச் சொல்லித் தருகிறாயா?" என்று கேட்டேன். அவன் சொன்னதே சரியென்பது நஷ்டம் வந்தபின் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் என்னுடன் பேசுவதில்லை. சென்ற ஞாயிறு ஆராதனையில், "அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை" (நீதிமொழிகள் 16:18) என்று போதகர் வாசித்தபோது, உடல் கூசியது. அன்றிரவு முதல் உறக்கமில்லை. என் காலில் நின்றது பாவமா? தேவன் என்னைத் தண்டித்துவிட்டாரா?

அன்புள்ள சகோதரருக்கு,

தண்டனையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. மதிப்பீட்டில் ஒரு செலவு விடுபட்டால் நஷ்டம் வரும் என்பது மட்டும் தெரியும்.

2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். 16 வயதில் யூதாவின் அரசனான உசியா கோபுரங்களைக் கட்டினான், துரவுகளை வெட்டினான், பெரும்படையைத் திரட்டினான். இவற்றில் எதையும் வேதம் குறைகூறவில்லை. பலப்பட்டபின், ஆசாரியருக்கே உரிய தூபங்காட்டும் பணியையும் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைகிறான். பிரதான ஆசாரியன் அசரியாவும் 80 ஆசாரியரும் தடுக்கிறார்கள். அந்த நொடியிலாவது அவன் திரும்பியிருக்கலாம். ஆனால் தூபகலசத்தைக் கையில் பிடித்தபடியே கோபப்படுகிறான். கோபமாய்ப் பேசும்போதுதான் நெற்றியில் குஷ்டம் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் அந்தக் கசங்கிய தாளைப் பற்றி வாசித்தபோது, இந்தத் தூபகலசமே என் நினைவுக்கு வந்தது.

14 வயதுச் சிறுவனுக்கு 'யாரையும் நம்பாதே, நீயே பார்த்துக்கொள்' என்ற பிடிவாதம் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் அவன் உடைந்திருப்பான். அதை அகந்தை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 46 வயதிலும் அச்சிறுவனே முடிவெடுக்கிறான். திருத்த வருகிறவர் எவராயினும், தன் இடத்தைப் பறிக்க வந்தவராகவே அவனுக்குத் தெரிகிறார். உங்கள் சினத்துக்கு அடியில் இருந்தது பெருமையைவிடப் பயம் என்றே எண்ணுகிறேன். மோசேயும் காலைமுதல் மாலைவரை ஜனங்களின் வழக்குகளைத் தனியாளாக விசாரித்தவர்தான். மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னபோது, கேட்டு, அப்படியே செய்தார் (யாத்திராகமம் 18).

உறக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தம்பியிடம் நேரில் போங்கள். "உன் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள்; அது மன்னிப்பு அல்ல. "போக்குவரத்துச் செலவு பற்றி நீ சொன்னது சரி, நான் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஊழியர்கள் முன்னிலையிலும் அதையே சொல்லுங்கள். அடுத்த மதிப்பீட்டை அனுப்பும் முன் அவனிடம் கொடுத்து, அவன் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். அந்தச் சில நிமிடங்கள் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.