சொல் ஐயம்: இறையாண்மை

கேள்வி: 'கெடாவுலாத்தான்' என்ற மலாய்ச் சொல்லுக்கு என் மகள் கட்டுரையில் 'இறையாண்மை' என்று எழுதினாள். "இறை என்றால் கடவுள், ஆண்மை என்றால் ஆணின் குணம், நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். எது சரி?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: மகள் எழுதியதே சரி, அம்மா. 'இறை' என்றதும் இன்று நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழிலோ அது அரசனையும் குறிக்கும். அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்ற குறளில் (733) இறைவன் அரசன், இறை வரி. அரசனின் சிறப்பைக் கூறும் 39ஆம் அதிகாரத்துக்குப் பெயரே இறைமாட்சி.

'ஆண்மை' இங்கே ஆள் + மை. மகரத்தின் முன் ளகரம் ணகரமாயிற்று; ஆளும் தன்மை என்பது பொருள். குடும்பத்தை ஆளும் திறத்தை வள்ளுவர் 'இல்லாண்மை' என்றதும் (1026) இப்படித்தான். சொல்லைப் பிரிக்கும்போது இறை + ஆண்மை என்றே எழுத வேண்டும். நடுவில் வரும் யகரம் உடம்படுமெய். அதை 'இறைய' என்று முதற்சொல்லோடு ஒட்டிவிடுவது மாணவர் பலர் செய்யும் பிழை.

தனக்கு மேல் வேறோர் அதிகாரம் இல்லாமல் ஆளும் முழு உரிமையே இறையாண்மை. சபா, சரவாக் மாநிலங்கள் பற்றிய செய்திகளில் வரும் 'தன்னாட்சி' வேறு. அது கூட்டரசுக்கு உட்பட்டு, குறிப்பிட்ட துறைகளில் மட்டும் கிடைக்கும் உரிமை. நம் மலேசிய அரசியலமைப்பின் 181ஆவது பிரிவு மாநில ஆட்சியாளர்களின் (சுல்தான் முதலிய அரசர்களின்) இறையாண்மையையும் காக்கிறது, அரசியலமைப்புக்கு உட்பட்டு என்ற வரம்போடு. இச்சொல் அரசனிடமிருந்து பிறந்தது என்பதை இங்கேயே காணலாம்.

எழுதும்போது 'இறையாண்மையைக் காத்தல்', 'இறையாண்மையை மீறுதல்', 'இறையாண்மை கொண்ட நாடு' என்று எழுதுங்கள். 'இறையாண்மையான நாடு' செவிக்கு உறுத்துகிறது. இலங்கைத் தமிழர் 'இறைமை' என்பார்கள். அவர்கள் அரசியலமைப்பின் தமிழ் வடிவிலும் அதுவே உண்டு. அதுவும் நல்ல சொல். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: மலேசியாவின் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் நான்காவது கோட்பாடான 'கெடாவுலாத்தான் உண்டாங்-உண்டாங்' என்பதைச் 'சட்டத்தின் இறையாண்மை' எனலாமா?
(வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: வேண்டாம். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வரும் சிக்கல் இது. 1970இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கோட்பாடு, ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது. 'சட்டத்தின் ஆட்சி' என்றால் அந்தக் கருத்து அப்படியே வந்துவிடும். நாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'கெடாவுலாத்தான்' இறையாண்மை ஆகும்.