மறு: ஹைட்ரஜன் மூலக்கூறின் இரட்டை அயனியாக்கத்துக்கு 31.7 போதாதா?

ஒரு எலக்ட்ரானை மோதவிட்டு, ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு எலக்ட்ரான்களையும் வெளியேற்ற (இதுதான் இரட்டை அயனியாக்கம்) 31.7 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) போதாதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழையில்லை. பிணைப்பை உடைக்க 4.5, இரு அணுக்களையும் அயனியாக்க 27.2, ஆக 31.7 எலக்ட்ரான்வோல்ட். ஆனால் இது புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள்) வெகுதொலைவு விலகி ஓய்ந்துவிட்ட நிலைக்கான கணக்கு. மோதல் கண நேரத்தில் முடிகிறது, அதற்குள் கருக்கள் அசைவதில்லை. 0.74 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு நேர்மின்னூட்டங்கள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த விலக்காற்றல் மட்டுமே சுமார் 19.4. அதையும் மோதும் எலக்ட்ரான்தான் கொடுத்தாக வேண்டும், அதனால்தான் சோதனையில் 51 வருகிறது.

மூலக்கூறை எப்படி ஒரே திசையில் நிறுத்துகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை! அந்த 19.4-ஐ வாங்கிக்கொண்டு புரோட்டான்கள் எதிரெதிராகத் தெறிக்கின்றன. மூலக்கூறு சுழலுமுன் பிரிந்துவிடுவதால், அவை பறந்த திசைதான் மோதலின்போது இருந்த மூலக்கூறின் அச்சு, அதாவது இரு கருக்களையும் இணைக்கும் கோடு. உணர்கருவியில் பதிந்த பிறகு பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: மோதும் எலக்ட்ரானின் ஆற்றல் 100 எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும்போது முதல் போர்ன் தோராயத்தை (வந்த எலக்ட்ரான் மூலக்கூறோடு ஒரே ஒரு முறை வினைபுரிவதாகக் கொள்ளும் கணக்கு முறை) நம்பாதீர்கள். வந்த எலக்ட்ரான், மூலக்கூறின் எலக்ட்ரான்களில் ஒன்றை உதைத்து, அடுத்ததையும் தானே உதைக்கும் ஈரடி வழி அதில் விடுபட்டுப்போகும். வேகம் கூடினால்தான் அதன் பங்கு குறையும்.