மறு: வெள்ளம் வந்தால் அரசு பார்த்துக்கொள்ளும் என்கிறது எங்கள் சங்கம்

"அதெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி உங்கள் குடியிருப்போர் சங்கம் கூட்டத்தையே முடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் பதறியது நண்பரே.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். "முதலில் எந்த வீடு?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மூன்றாம் வீட்டுப் பாட்டி படுத்த படுக்கை; அவருடைய இன்சுலின், சாய்ந்து மிதந்த ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. பத்து வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் தெரியாமல் இருந்தோமே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

சங்கத்தின் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்தாலே போதும். முதியோர், கைக்குழந்தை, அன்றாட மருந்து என்று ஒரு நோட்டில் வீடு வாரியாக எழுதுங்கள். மெயின் சுவிட்சை அணைப்பது யார், மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்பதையும் பேசிவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, கதவிலேயே ஒட்டுங்கள்.

அரசை விட்டுவிடச் சொல்லவில்லை. வடிகாலைத் தூர்வாரக் கேட்டுக் கவுன்சிலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், அக்டோபர் பிறப்பதற்குள்.