காதில் 3 நிமிடம், கையில் 8 நிமிடம்: எந்த பி.டி.யை நம்புவது?

ஆஸ்பிரின் 75 மி.கி. சாப்பிடுகிறேன். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு லேப்பில் காதில் குத்தி பி.டி. (bleeding time, காயத்தில் ரத்தம் நிற்க ஆகும் நேரம்) 3 நிமிடம் என்றார்கள். இன்னொரு லேப்பில் கையில் கீறி 8 நிமிடம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது. காதில் குத்துவது 1910-இல் டியூக் சொன்ன முறை. முன்கையில் செய்வது ஐவி முறை. இதில் மேல்கையில் பி.பி. பட்டையைச் சுற்றி 40 மி.மீ. அழுத்தம் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கி, ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் (platelets) காயத்தை அடைக்க வேண்டும். ஆஸ்பிரின் தட்டணுக்களைச் சற்றே மந்தமாக்கியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும். காதில் பெரும்பாலும் தெரியாது.

கையால் குத்தினால் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். அதற்காகத்தான் ஒரே அளவில் கீறும் ஸ்பிரிங் பிளேடு வந்தது: 5 மி.மீ. நீளம், 1 மி.மீ. ஆழம். அதிலும் கீறலை நெடுக்கில் போட்டால் ஒரு நேரம், குறுக்கில் போட்டால் வேறு நேரம். கை குளிர்ந்திருந்தாலும் மாறும். பயிற்சிக் காலத்தில் நான் ரத்தத்தை ஒற்றியெடுக்கும் தாளைக் காயத்தின் மேலேயே வைத்து ஒற்றி, உறைந்ததைப் பிய்த்துவிட்டு, 'நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று பதறியிருக்கிறேன். வழியும் ரத்தத்தை ஓரமாகத்தான் ஒற்ற வேண்டும்.

முக்கியமான விஷயம்: தோலில் ரத்தம் நிற்கும் நேரத்தை வைத்து ஆபரேஷனில் எவ்வளவு ரத்தம் போகும் என்று கணிக்க முடியாது. அதனால்தான் பல நாடுகளில் இந்தச் சோதனையைக் கைவிட்டுவிட்டார்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிப்பது இதைவிடப் பயன்படும்.

க்ளோபிடோக்ரல் (ஆஸ்பிரின் போலவே தட்டணுக்களை மந்தமாக்கும் மாத்திரை) சாப்பிட்டும் பி.டி. நார்மல். மருந்து வேலை செய்யவில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. ரத்த மாதிரியில் தட்டணுக்களின் வேலையைச் சோதிக்கும் பி.எஃப்.ஏ. கருவியில்கூட ஆஸ்பிரின் நன்றாகத் தெரியும், க்ளோபிடோக்ரல் பல நேரம் பிடிபடாது. அது அடைப்பது ஏ.டி.பி. என்ற பொருளின் பாதையை. அந்த ஏ.டி.பி.யைச் சேர்த்துத் தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் சோதனைதான் இதற்குப் பொருத்தம். எல்லோருக்கும் அது தேவையில்லை.

மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாளில் சரியாகும்?

ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை அப்படியேதான் இருக்கும். அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாக வருவதால் பி.டி. அதற்கு முன்பே இறங்கிவிடும். பெரிய ஆபரேஷனுக்கு முன் க்ளோபிடோக்ரலை வழக்கமாக 5 நாள் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பல் பிடுங்க?

ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சைக் கடித்து அழுத்தினாலே போதும், மிஞ்சினால் ஒரு தையல்.

சி.டி.யும் சேர்த்து எடுத்தார்களே?

அது ரத்தம் உறையும் நேரம். தட்டணுக்களை மந்தமாக்கும் இந்த மாத்திரைகளால் அது மாறாது.