ஐந்து சதவீதமும் அரைப்பேரும்

அன்புள்ள ஐயா,

2024இல் இலங்கையின் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், கடைக் கடன்தான் வளர்ந்திருக்கிறது. பறித்த கொழுந்து குறைந்தால் இன்றும் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான். அந்தக் கணக்கு பொய்யா?

ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு நிலைமையைச் சொல்வதற்காகப் போட்ட கணக்கும் இல்லை.

முதலில் அந்த 5 சதவீதத்தைப் பார்ப்போம். 2022இல் பொருளாதாரம் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கியது. 2021இல் 100 ரூபாய் என்று வைத்தால், 90 சொச்சத்துக்கு இறங்கி, 2024இல் 95க்கு ஏறியிருக்கிறது. விழுந்த இடத்துக்கே அந்த ஆண்டிலும் வந்து சேரவில்லை.

அப்புறம், அந்தச் சதவீதம் அளப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியை; அதாவது ஓராண்டில் நாட்டுக்குள் உற்பத்தியானவற்றின் பெறுமதியை. யார் கைக்கு எவ்வளவு போனது என்று அது பார்ப்பதில்லை. நிறுவையில் கிலோ குறைந்து உங்களுக்கு அரைப்பேர் விழுந்த நாளிலும், கூடையில் இருந்த கொழுந்து முழுதாக உற்பத்தியில் சேர்ந்துவிடுகிறது.

எனக்கு இதைவிட ஆற்றாமை தருவது வேறொன்று. மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். அவள் உழைப்பு குவைத்தின் உற்பத்தியில் சேர்கிறது. இங்கே அம்மாயி பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறாக்கி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருக்கிறார். அது எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. அதே அம்மாயி பங்களாவில் சம்பளத்துக்குச் சமைத்தால் கணக்கில் ஏறும்! மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படிப்பட்ட கிழவிகளின் தோளில்தான் நிற்கின்றன.

மலைச்சரிவில் மழை அரித்துப்போகும் மேல்மண்ணும் இந்த உற்பத்திக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. அமெரிக்காவுக்குத் தேசிய வருமானக் கணக்கைப் போட்டுக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், மக்களின் நலனை அந்த எண்ணிலிருந்து ஊகிப்பது அரிது என்று 1934 அறிக்கையிலேயே எச்சரித்தார்.

சரி, நம் நிலைமையைக் காட்டும் கணக்கு எது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வு. அது நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று தனித்தனியாகப் பிரிக்கிறது. 2019இல் நாடு முழுவதும் வறுமையில் இருந்தவர்கள் 14.3 சதவீதம்; பெருந்தோட்டத்தில் 33.8. இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்பு.

அடுத்த வளர்ச்சி அறிவிப்பு வரும்போது, தோட்டத்துக்கான எண் எங்கே என்று உங்கள் தோட்டத் தலைவரிடமும் பிரதேச சபை உறுப்பினரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.