சிங்கப்பூர் ஈசூன் புளோக்கில் பிஎம் 2.5 கருவி இருமடங்கு காட்டுவது பற்றி

காற்றிலுள்ள நுண்துகளை (பிஎம் 2.5) அளக்கும் கருவி இருமடங்கு காட்டுகிறதே, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். ஆய்வுக் குழுவினர் உங்கள் புளோக்கில் பொருத்திய கருவி விடியற்காலையில் மட்டும் இருமடங்கு காட்டுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஈரப்பதம். விலை குறைந்த ஒளிக் கருவிகள், ஈரத்தில் ஊதிப் பெருத்த துகளைக் கூடுதல் தூசாகக் கணக்கிடும். இங்கே விடியும் முன் ஈரப்பதம் பல நாள் 90 விழுக்காட்டைத் தாண்டும்.

எதோடு ஒப்பிட்டீர்கள்? பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) என்றால், அது 24 மணி நேரக் கணக்கு; இதற்கு ஒத்துவராது. தேசியச் சுற்றுப்புற வாரியம் வட்டாரவாரியாக வெளியிடும் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், இரண்டு மூன்று வீட்டுக் கருவிகளை ஒரே தாழ்வாரத்தில், துணி காயும் கழியிலிருந்து தள்ளி, இரண்டு நாள் வையுங்கள். மதியம் எல்லாவற்றிலும் வாரியத்தின் அளவோடு உள்ள வித்தியாசம் குறைந்தால் ஈரம்தான். குழுவினர் கணக்கில் திருத்தலாம். ஒன்று மட்டும் எகிறினால் அதுதான் பழுது.

ஆனால் மாலையில் ஏறும் எண்களையும் சேர்த்து அழிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் எண் சட்டென்று ஏறும், சன்னலைத் திறந்தால் மெல்ல இறங்கும். அது நிஜமாகவே நாம் சுவாசிக்கும் புகை. தாளிப்பு, ஊதுபத்தி, பக்கத்து வீட்டுப் புகை என்று நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குழுவினருக்கு அந்த நோட்டு கட்டாயம் வேண்டும்.