நாயை வெளியே நிறுத்தச் சொன்னது தப்பா?

நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு தங்கை எனக்கு எழுதியிருக்கிறார். ஊரில் தெருநாய் கடித்ததிலிருந்து அவருடைய ஐந்து வயதுப் பையனுக்கு நாயைக் கண்டாலே நடுக்கமாம். போன வாரம் கடையில் பால் எடுக்கப் போன இடத்தில் பெரிய லேப்ரடார் ஒன்று நின்றிருக்கிறது, பையன் அலறிவிட்டான். "நாயை வெளியே நிறுத்தச் சொல்லுங்க" என்று கடைக்காரர்களிடம் கேட்டதற்கு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அதே நாள் இன்னொரு கடையில் ஒரு அம்மா குட்டி நாயைக் காய்கறி போடும் கார்ட்டிலேயே உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "என் பிள்ளை பயத்துக்கு இங்கே மதிப்பே இல்லையா அக்கா? எது நிஜமான சர்வீஸ் டாக் (உடல்குறை உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்), எது வீட்டு நாய் என்று எப்படித் தெரியும்? அவன் பயம் தெளிய ஒரு குட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறோம். ஆன்லைனில் 'சர்வீஸ் டாக்' என்று எழுதிய வெஸ்ட் (நாய்க்குப் போடும் மேல்சட்டை) ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்" என்று கேட்கிறார்.

தங்கை, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது பொய் சொல்லி உள்ளே நுழைவது. ஆன்லைனில் விற்கிற வெஸ்ட், அடையாள அட்டை, 'பதிவுச் சான்றிதழ்' எதற்கும் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அப்படி ஒரு பதிவேடே மத்திய அரசிடம் இல்லை. வீட்டு நாயை சர்வீஸ் டாக் என்று சொல்லி ஏமாற்றுவது பல மாநிலங்களில் குற்றம். கலிஃபோர்னியாவில் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. டெக்சாஸில் அபராதத்தோடு 30 மணி நேரம் சமூக சேவையும் செய்ய வேண்டும். விசாவில் இருக்கிறவர்கள் இதில் எல்லாம் போய் மாட்டிக்கொள்ளவே கூடாது.

குட்டி வாங்குங்கள், நல்ல யோசனைதான். பெட்ஸ்மார்ட், பெட்கோ மாதிரி வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளுக்குத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். வேறு கடைகளில் அவரவர் வைத்ததுதான் விதி, வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பொருள் விற்கிற கடைக்குள் மட்டும் வேண்டாம். சுகாதார விதிகள் பொதுவாக அங்கே வீட்டு நாயை விடுவதில்லை.

இனி அந்த லேப்ரடார். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடம் ஒரு மருந்துக் கடை கவுன்டரில் நின்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை இங்கே எல்லாரும் ஏடிஏ என்பார்கள். அதன்படி, ஒருவருடைய உடல்குறைக்கோ மனநோய்க்கோ உதவியாக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய்தான் சர்வீஸ் டாக். பொதுமக்கள் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் அவரோடு போகலாம். 2011 மார்ச்சிலிருந்து நாய்க்கு மட்டும்தான் அந்தத் தகுதி. சின்ன ஜாதிக் குதிரைகளுக்கு மட்டும் தனியாக ஒரு விதி உண்டு (நான் இதுவரை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை). எந்த ஜாதி நாயாகவும் இருக்கலாம், எந்த அளவிலும் இருக்கலாம். பெரிய பயிற்சிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சொந்தக்காரரே பழக்கியிருக்கலாம். பக்கத்தில் இருந்தாலே மனசுக்கு ஆறுதல் என்கிற 'எமோஷனல் சப்போர்ட்' நாய் இதில் சேராது. அதே சமயம், ஒருவருக்குப் பதற்றம் உச்சத்துக்கு ஏறப்போவதை உணர்ந்து, மடியில் ஏறி அழுத்திப் படுத்து அதைத் தணிக்கப் பழகிய நாய் சர்வீஸ் டாக்தான். பழக்கித் தந்த வேலை இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்விகள். 'உடல்நிலை காரணமாகத் தேவைப்படும் சர்வீஸ் டாகா இது?' 'என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்?' என்ன நோய் என்று கேட்கக் கூடாது. சீட்டு காட்டு, அட்டை காட்டு என்று சொல்லக் கூடாது. எங்கே, செய்து காட்டச் சொல் பார்ப்போம் என்றும் சொல்லக் கூடாது. பார்த்தாலே தெரிகிற இடத்தில், அதாவது கண் தெரியாதவரை ஒரு நாய் கூட்டிப்போகிறது என்றால், இந்த இரண்டு கேள்விக்கும் அவசியமே இல்லை.

இவ்வளவு நம்பிக்கையா, யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாமே என்று எனக்கும் அப்போது தோன்றியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் அது மாறியது. வரிசையில் எனக்கு நேர் எதிரே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி உடம்பு. கூட ஒரு கறுப்பு நாய். வெஸ்ட் இல்லை, சாதாரண லீஷ்தான். இவருக்கு என்ன குறை என்று நான் மனசுக்குள் நினைத்தது உண்மை. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாய் மூக்கால் அவர் முழங்காலை இடித்தது. அவர் கவனிக்கவில்லை. மறுபடி இடித்தது. மூன்றாம் தடவை முன்னங்காலைத் தூக்கி அவர் தொடையில் வைத்து அழுத்தியது. பேச்சை நடுவிலேயே நிறுத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் மாத்திரையை எடுத்து மென்றார். அதற்கு அப்புறம்தான் அவர் நெற்றியில் வியர்வை அரும்புவதை நான் பார்த்தேன். நாய் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படுத்திருந்தது. கால் மணி நேரம் கழித்து எழுந்து, வரிசையை நிறுத்திவிட்டதற்காக எங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர் ஒவ்வொரு கடை வாசலிலும் டாக்டர் சீட்டை நீட்டி, தன் நோயை அந்நியர்களுக்கு விளக்கிவிட்டுத்தான் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்க வேண்டுமா? அந்த அவமானம் வேண்டாம் என்றுதான் சட்டம் அவர் வாய்ச்சொல்லை நம்புகிறது.

உங்கள் பையன் பயத்துக்கு வருகிறேன். நாயைப் பார்த்தால் பயம், நாய் முடி அலர்ஜி, இரண்டுமே சர்வீஸ் டாகை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. அதனால்தான் அன்றைக்கு முடியாது என்றார்கள். உங்களை மட்டம் தட்டுவதற்காக இல்லை. ஆனால் மற்றவரையும் கவனிக்க வேண்டும் என்பதும் அரசு விளக்கத்தில் இருக்கிறது. ஒரே வகுப்பில் அலர்ஜி உள்ள பிள்ளையும் சர்வீஸ் டாக் உள்ள பிள்ளையும் இருந்தால், இருவரையும் வேறு வேறு மூலையில் உட்காரவைத்துச் சமாளிக்கச் சொல்கிறார்கள். கடையிலும் அப்படியே சமாளிக்கலாம். அடுத்த தடவை "பையனுக்கு நாய் பயம், அந்தப் பாலை மட்டும் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், ஓடி வந்து எடுத்துத் தருவார்கள். பையனை உங்கள் மறுபக்கம் நிறுத்திக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுங்கள். வேலையில் இருக்கிற நாய் அவனைத் தேடி வராது. அதற்கு அவன் அங்கே இருக்கிறான் என்பதே பொருட்டில்லை. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு இது புரியும்.

பயம் இல்லாதவர்கள் செய்கிற தப்பும் ஒன்று இருக்கிறது, அதை நானே செய்திருக்கிறேன். வந்த புதிதில், ரயிலில் ஒரு பெரியவர் காலடியில் வழிகாட்டி நாய் படுத்திருந்தது. ஆசையாகத் தலையைத் தடவிவிட்டேன். நாய் என் பக்கம் திரும்பிய அதே நொடியில் அவருடைய நிறுத்தம் வந்து கதவு திறந்தது. அவர் எழுந்து "ஃபார்வர்ட்" என்கிறார், நாய் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் கை காற்றில் கம்பியைத் தேடித் துழாவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். பேச வேண்டும் என்றால் அந்த மனிதரிடம் பேசுங்கள்.

கார்ட்டில் உட்கார்ந்திருந்த குட்டி நாய் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். குட்டியாக இருப்பதால் மட்டும் அது போலி என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை இறங்குவதை மோப்பத்தில் கண்டுபிடிக்கும் குட்டி நாயை மார்போடு பையில் சுமந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் பொருள் போடும் கார்ட்டில் பொதுவாக அனுமதி கிடையாது. தரையில் நிற்க வேண்டும், இல்லை, கையில் இருக்க வேண்டும். ஓட்டலிலும் அப்படித்தான், மேஜைக்கு அடியில் படுக்கலாம், நாற்காலியில் உட்கார்த்தி ஊட்ட முடியாது. வெளியே அனுப்பவும் கடைக்கு அதிகாரம் இருக்கிறது. நாய் அடங்காமல் குரைத்து, தாவி, அதைச் சொந்தக்காரரும் அடக்கவில்லை என்றால், இல்லை, கண்ட இடத்தில் அசிங்கம் செய்தால், நிஜமான சர்வீஸ் டாக்காக இருந்தாலும் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். நாய் இல்லாமல் அந்த மனிதர் மட்டும் வந்து வாங்கிக்கொள்ள வழிவிட வேண்டும், அவ்வளவுதான். பல கடைகளில் வழக்குக்குப் பயந்து அந்த இரண்டு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. நீங்கள் அந்த அம்மாவிடம் நேராகப் போய்ச் சண்டை போட வேண்டாம். மேனேஜரிடம் சொல்லுங்கள். நாய் செய்ததை மட்டும் சொல்லுங்கள்: கார்ட்டில் இருக்கிறது, தக்காளியை நக்கியது, பிள்ளை மேல் பாய்ந்தது. போலி என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால் அவர்கள் கை கட்டப்பட்டுவிடும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், எங்கள் கடைக்கு வாடிக்கையாக ஒரு அம்மா வருவார், பார்வை கிடையாது, கூட ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாய். ஒரு நாள் வெஸ்ட் போட்ட குட்டி நாய் ஒன்று லீஷை உருவிக்கொண்டு போய் அதன் காதைக் கவ்விவிட்டது. ஷெப்பர்ட் திருப்பி ஒரு உறுமல்கூட உறுமவில்லை. எஜமானியின் காலோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. மண்டியிட்டு அதன் உடம்பெல்லாம் விரலால் தடவித் தடவி, "ரத்தம் வருகிறதா? யாராவது சொல்லுங்களேன், ரத்தம் வருகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குட்டி நாய்க்காரர் அதற்குள் போய்விட்டார். காயம் சின்னதுதான். ஆனால் அந்த நாய் அப்புறம் எங்கள் வாசல்படியில் வந்து நின்றுவிடும், உள்ளே வராது. இப்படி மிரண்டுபோன நாயை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், சில நாய்கள் அதோடு வேலையைவிட்டே ஓய்ந்துவிடும். அந்த வெஸ்ட்டை விற்றவருக்கு இதெல்லாம் தெரியுமா?

மற்ற இடங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். அபார்ட்மென்ட்டுக்குச் சட்டம் வேறு. 'நாய் கூடாது' என்று போர்டு வைத்த கட்டடத்தில் பக்கத்து வீட்டில் நாய் இருந்தால், வீட்டு வசதிச் சட்டத்தின்படி அவர் உடல்நிலைக்காக அனுமதி வாங்கியிருக்கலாம், அதை உங்களுக்குச் சொல்லும் கடமை ஆபீசுக்கு இல்லை. விமானத்தில் எமோஷனல் சப்போர்ட் நாயை ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஜனவரியோடு போய்விட்டது. சர்வீஸ் டாகுக்கும் விமானக் கம்பெனிகள் முன்கூட்டியே படிவம் கேட்கலாம். கோயில், சர்ச் போன்ற மத அமைப்புகளை ஏடிஏ கட்டுப்படுத்தாது, அங்கே நிர்வாகம் சொல்வதுதான்.

கடைசியாக ஒரு யோசனை. மாரிஸ்டவுன் உங்களுக்கு எட்டும் தூரம்தான். நாட்டின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளியான 'தி சீயிங் ஐ' அங்கேதான் இருக்கிறது. பார்வையில்லாத மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் 1928-இல் சுவிட்சர்லாந்து போய், அங்கே பழக்கிய ஒரு பெண் நாயோடு திரும்பி வந்தார். தோழன் என்று பொருள்படும் 'படி' (Buddy) என்று அதற்குப் பெயர் வைத்தார். மறு வருடம் நாஷ்வில்லில் தொடங்கிய பள்ளி பிறகு நியூ ஜெர்சிக்கு வந்தது. பயிற்சியில் இருக்கிற நாய்களுக்கும் நம் மாநிலம் உள்ளே போகும் உரிமை கொடுத்திருப்பதால், அந்த ஊர் நடைபாதையிலும் கடைகளிலும் அவை பழகுவதைப் பார்க்கலாம். ஒரு வார நாளில் பையனைக் கூட்டிக்கொண்டு போய், நடுவில் இருக்கும் 'கிரீன்' பூங்காவில், தெருவிலிருந்து தள்ளி ஒரு பெஞ்சில் உட்காருங்கள். நாய் ரோட்டோரம் வந்ததும் நிற்பதையும், சொன்ன பிறகு கடப்பதையும் அவன் தூரத்திலிருந்தே பார்க்கட்டும். முதல் நாள் உங்கள் மடியைவிட்டு இறங்காவிட்டாலும் பரவாயில்லை. அதே பூங்காவில் மாரிஸ் ஃபிராங்க்குக்கும் அவருடைய அந்த நாய்க்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அந்த நாயை மட்டும் அவன் யாரையும் கேட்காமல் தொட்டுப் பார்க்கலாம்.